கை நடுங்கினாலும் கண் திறக்கலாம்

புரட்டாசி பிறந்துவிட்டால் தஞ்சை வட்டாரத்து வீடுகளில் பரண் மீதிருந்து பெட்டிகள் இறங்கத் தொடங்கும். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்த கொலு பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஓராண்டுக் காலம் இருளில் உறங்கியவர்கள் மீண்டும் நம் இல்லத்து விருந்தினராக எழுந்தருளும் அந்த வேளை, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருசேர மகிழ்ச்சி தருவது.

எங்கள் இல்லத்தில் என் தாயார் வைத்துவிட்டுப் போன மண் பொம்மைகளுள் ஒரு பட்டாபிஷேகத் தொகுதி உண்டு. ஒரு சாண் உயரமும் இராத ஸ்ரீராமர், சீதாப்பிராட்டி, இளைய பெருமாள், அனுமன். சென்ற ஆண்டு பெட்டியைத் திறந்தபோது பிராட்டியின் முகத்தில் வண்ணம் உதிர்ந்து, இரு கண்களும் அழிந்திருந்தன. இத்தகைய சிறு பழுதுகளை நானே சரிசெய்வது பல்லாண்டு வழக்கம். அவ்வாறே தூரிகையை எடுத்தேன். எள்ளளவு கருமணியை வைக்க வேண்டிய இடத்தில் தூரிகை நுனி துள்ளியது. கோடு கன்னம் வரை இழுபட்டுவிட்டது. துடைத்துவிட்டு மீண்டும் முயன்றேன். மீண்டும் அதே கதை. மூன்றாம் முறை தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, என் வலக்கையையே பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். கைங்கரியம் இத்துடன் முடிந்ததோ என்ற கேள்வி மனத்தைக் கனக்கச் செய்தது.

வங்கியில் பணியாற்றிய காலத்தில், ஒவ்வொரு நவம்பர் மாதமும் ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று அளிக்க வருவார்கள். ஆயுள் முழுவதும் கம்பீரமாகக் கையெழுத்திட்ட பெரியவர்கள், இடக்கையால் வலக்கை மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்திட இயலாத முதியவர், இரு சாட்சிகள் முன்னிலையில் கைரேகை வைத்துப் பணம் பெற விதி இடமளிக்கிறது. சாட்சிகளுள் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். அந்த விதியை எடுத்துச் சொல்லி எத்தனையோ பேருக்கு ஆறுதல் கூறியிருக்கிறேன். என் முறை வந்தபோதுதான் அவர்கள் முகத்தில் படர்ந்த கூச்சத்தின் பொருள் எனக்கு விளங்கியது.

இதழ் வாசிக்கும் அன்பர்கள் பலருக்கும் இந்த அனுபவம் புதிதாக இராது. கோலமிடும்போது, விளக்கில் எண்ணெய் வார்க்கும்போது, சுவாமிக்குச் சந்தனம் இடும்போது கை நடுங்கும். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்றே, நம் தஞ்சைக் கலைஞர்களின் வழிமுறையிலிருந்து நான் அறிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

பெரிய கோயில் சுவரில் ஓடிய கோடு

உறுதியான கைக்கு நம் ஊரில் உயர்ந்த சான்று எது என்று கேட்டால், பெரிய கோயிலைத்தான் காட்ட வேண்டும். 1010 ஆம் ஆண்டில் மாமன்னன் ராஜராஜன் குடமுழுக்குக் கண்ட அத்திருக்கோயிலில், கருவறையைச் சூழ்ந்துள்ள உட்சுற்றின் சுவர்களில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. அவற்றின் மீது நாயக்கர் காலத்தில் வேறு ஓவியங்கள் தீட்டப்பட்டமையால், சோழ ஓவியங்கள் நெடுங்காலம் மறைந்தே கிடந்தன. 1931 ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். திரிபுரம் எரித்த பெருமானும், கயிலைக்குச் செல்லும் சுந்தரரும் சேரமான் பெருமாளும் அங்கே காட்சி தருகின்றனர்.

அந்த உட்சுற்று குறுகலானது, வெளிச்சம் அரிது. சுண்ணச்சாந்தின் ஈரம் உலர்வதற்குள் வண்ணம் தீட்டியாக வேண்டும். அழித்து எழுத அவகாசம் இல்லை. அத்தகைய இடத்தில் புருவத்தையும் விரல்களையும் ஒரே இழுப்பில் வரைந்த கைகள் யாருடையவை என்பதை எந்தக் கல்வெட்டைக் கொண்டும் நாம் சொல்ல இயலாது. கோடு மட்டும் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது.

ஓவியக்கலை பற்றிய பழைய நூல்களுள் விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி முதன்மையானது. கிழக்கு நோக்கி அமர்ந்து, இறைவனை மனத்தில் நிறுத்தி ஓவியத்தைத் தொடங்குமாறு அது கூறுகிறது. இதனைச் சடங்கு என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. அமர்தலும் மனம் அடங்குதலும் கை அடங்குவதற்கு முன்னே நிகழ வேண்டியவை.

கண்ணைக் கடைசியில் திறப்பார்கள்

தஞ்சாவூர் ஓவியம் என்று நாம் பூஜை அறையில் வைத்து வணங்கும் பொன் வேய்ந்த படங்கள், மராட்டியர் ஆட்சியில், சிறப்பாக இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலத்தில் செழித்தவை. 2007-08 ஆம் ஆண்டில் இவற்றுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பலகையின் மீது துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பிசினும் கலந்து பூசித் தேய்த்து, மேடாகத் தெரிய வேண்டிய நகைகளையும் மண்டபத்தையும் மக்கு வைத்து எழுப்பி, கற்கள் பதித்து, பொன் தகடு ஒட்டி, பிறகே வண்ணம் தீட்டுவார்கள். முகத்தின் நுண்கோடுகளும் கண்களும் கடைசியில்தான் வரும். ஆலயத்தில் புதிய திருமேனிக்குப் பொன் ஊசியால் கண் திறக்கும் நயனோன்மீலனம், பிரதிஷ்டையின் நிறைவை ஒட்டியே நிகழ்வதை நாம் அறிவோம். ஓவியரின் பலகையிலும் அதே ஒழுங்கு நிலவுகிறது.

இந்த வரிசையில் ஒரு நடைமுறை நுட்பமும் அடங்கியுள்ளது. பெரிய பரப்புகளில் பல நாள் உழைத்த கை, கண்ணுக்கு வரும்போது அந்தப் பலகைக்குப் பழகியிருக்கும். எடுத்த எடுப்பில் நுண்ணிய வேலையைத் தொடங்குகிறவருக்கு அந்தப் பழக்கம் வாய்க்காது. என் பிழை அதுவே. பெட்டியைத் திறந்தவுடன் கண்ணை எழுத அமர்ந்தேன்.

இதற்கு நேர்மாறானது, நம் முன்னோர் வீடுகளில் மாட்டியிருந்த கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்புறம் வரைந்து முன்புறமாகப் பார்ப்பது அது. ஆகவே, முன்னே தெரிய வேண்டிய கண்ணிமையும் மூக்குத்தியும் முதலில் எழுதப்படும். உடலின் வண்ணமும் பின்னணியும் பிறகே பூசப்படும். பின்னால் வண்ணம் ஏறிவிட்டால் முதலில் இட்ட கோட்டைத் திருத்த வழியில்லை. அவ்வளவு கடினமான வேலையையும் கைகள் செய்து முடித்தன என்றால், அதற்குக் காரணம் பிறவி உறுதி மட்டும் அன்று. அமரும் முறையும் கையைத் தாங்கும் முறையும் அவர்களுக்குத் துணை நின்றன.

ஓவியர் தரையில் சம்மணமிட்டு, பலகையைத் தாழ்வாகக் கிடத்தி வேலை செய்வதைக் கவனித்துப் பாருங்கள். எடை முழுவதும் கீழே இருக்கிறது. முழங்கை உடலை ஒட்டியிருக்கிறது. உள்ளங்கையின் அடிப்பகுதி பலகையில் படிந்திருக்க, சுண்டுவிரல் ஊன்றுகோலாகிறது. அசைவது விரல் நுனிகள் மட்டுமே. வளைந்த கோடு வரும்போது கையை வளைப்பதைவிடப் பலகையைத் திருப்பிக்கொள்வது எளிது. தோளிலிருந்து தொங்கும் கை எந்த வயதிலும் ஆடும். ஊன்றிய கை வயதானாலும் ஓரளவு அடங்கும்.

நடுக்கம் எதனால்?

நடுக்கமே இல்லாத கை உலகில் இல்லை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இளைஞர் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 முறை நுண்ணிய அதிர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். காபி, பசி, உறக்கக் குறைவு, குளிர், பதற்றம் ஆகியவை அதைப் பெருக்கிக் காட்டும். ஆகவே, கும்பகோணம் டிகிரி காபியை நுண்வேலை முடிந்தபின் அருந்துவது நலம்.

வயதானவர்களுக்குப் பொதுவாக வரும் ஒரு வகை நடுக்கம், கையைப் பயன்படுத்தும்போது மிகுந்து தோன்றும். டம்ளரைத் தூக்கினால், பேனாவைப் பிடித்தால் நடுங்கும்; மடியில் வைத்தால் அடங்கும். எசென்ஷியல் ட்ரெமர் எனப்படும் இது பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. இதற்கு மாறாக, கை சும்மா இருக்கும்போது நடுங்குவதும், ஒரு பக்கத்தில் தொடங்குவதும், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவதும், நடை தளர்வதும் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். தைராய்டு மிகுதியும், ஆஸ்துமாவுக்குத் தரும் சில மருந்துகளும்கூட நடுக்கம் தரும். எனவே, நடுக்கம் புதிதாகத் தோன்றினாலோ வளர்ந்தாலோ, வயது என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. நடுக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. ஆனால் அவற்றுள் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாதவை. அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்கி உட்கொள்ளலாகாது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் அன்பர்கள் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். விரத நாளில் வியர்வையுடன் கை நடுங்கினால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே சிறிது சர்க்கரையோ இனிப்போ உட்கொள்ள வேண்டும். அம்பிகை அதனைக் குற்றமாகக் கொள்ள மாட்டாள்.

நெல் தந்த தாங்கல்

மருத்துவரைப் பார்த்து, எனக்கு அச்சப்படத் தக்கது ஏதுமில்லை என்று அறிந்தபின், மீண்டும் வேலையில் இறங்கினேன். இம்முறை என் வழியை மாற்றிக்கொண்டேன்.

காலை நேரம், இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம். கால்கள் தரையில் அமர இடம் தரவில்லை. நாற்காலியில் அமர்ந்து, பாதங்களை நன்றாக ஊன்றி, இரு முழங்கைகளையும் மேசையில் வைத்துக்கொண்டேன். ஒரு தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி, பிராட்டியின் பொம்மையைச் சற்றுச் சாய்வாக அதில் அமர்த்தினேன். நெல் பொம்மையை அசையாமல் பற்றிக்கொண்டது. தலையணை போல ஒரு சிறு துணிப்பையிலும் நெல்லை நிரப்பி, வலக்கை மணிக்கட்டை அதன் மேல் வைத்தேன். மணிக்கட்டுக்கு ஏற்பப் பை குழிந்து தாங்கியது. காவிரிக் கரையில் பிறந்தவனுக்கு நெல்லைவிடச் சிறந்த துணை ஏது!

முதலில் பீடத்துக்கும் சேலைக் கரைக்கும் வண்ணம் தீட்டிக் கையைப் பழக்கினேன். தண்ணீரில் கரையும் வண்ணத்தையே பயன்படுத்தினேன். தவறினால் ஈரத் துணியால் துடைக்கலாம். தூரிகைப் பிடி மெல்லியதாக இருந்தால் விரல்கள் இறுகி நடுக்கம் கூடுகிறது. அதன் மீது துணி சுற்றித் தடிமனாக்கியதும் பிடி தளர்ந்தது. கண்ணை ஒரே கோடாக எழுத முயலாமல், புள்ளிகளாக வைத்துப் பிறகு இணைத்தேன். ஒவ்வொரு புள்ளிக்கும் முன் மூச்சை மெல்ல வெளியே விட்டு, அடுத்த மூச்சை எடுப்பதற்குள் உள்ள சிறு அமைதியில் தூரிகையைத் தொட்டேன். துப்பாக்கி சுடும் வீரர்களும் அந்த இடைவெளியையே நாடுகிறார்கள். நான் ‘ராம’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டேன். மூச்சுக்கு அது சரியான அளவாக இருந்தது.

இடக்கண் அமைந்துவிட்டது. வலக்கண்ணைத் தொடங்குமுன் கை சோர்ந்து மீண்டும் ஆடத் தொடங்கியது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, “தாத்தா, இந்தக் கண்ணை நான் எழுதட்டுமா?” என்றாள். ஒரு கணம் தயங்கினேன். தூரிகையை விட்டுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை என்பதை மறைப்பானேன்? பிறகு எழுந்து அவளை அமரச் செய்தேன். மணிக்கட்டை எங்கே வைப்பது, சுண்டுவிரலை எங்கே ஊன்றுவது, எப்போது மூச்சு விடுவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதினாள்.

ஓர் எச்சரிக்கை. நான் தொட்டது வீட்டுக் கொலு பொம்மை. தலைமுறை கடந்த தஞ்சாவூர்ப் படமோ கண்ணாடி ஓவியமோ உங்களிடம் இருந்தால், அதன் மீது புது வண்ணம் பூசாதீர்கள். தேர்ந்த கலைஞரிடம் காட்டுங்கள். ஆலயத் திருமேனிகளைத் தொடும் உரிமை அதற்குரியவர்களுக்கே உண்டு.

குன்றிமணி சொல்லும் செய்தி

பிரான்சு தேசத்து ஓவியர் நிக்கோலா பூசன் முதுமையில் கைநடுக்கத்தால் வருந்தினார். ஆயினும் 1660 முதல் 1664 வரை நான்கு பருவங்களைப் பற்றிய நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டி முடித்தார். மறு ஆண்டே காலமானார். அந்த நான்கும் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அவ்வளவு தொலைவு போவானேன்? விநாயக சதுர்த்தி அன்று களிமண் பிள்ளையாருக்கு நாம் கண் எழுதுவதில்லை. இரண்டு குன்றிமணிகளை எடுத்துப் பதிக்கிறோம். சிவப்பும் கறுப்புமாக அவர் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். ஓவியப் பயிற்சி இல்லாதவரும், விரல் பழகாத குழந்தையும், கை நடுங்கும் பாட்டியும் அவருக்குக் கண் திறக்கலாம். கைங்கரியத்திலிருந்து எவரும் விலக்கப்படலாகாது என்று எண்ணியே பெரியோர்கள் இப்படி ஒரு வழி வைத்தார்களோ என்று தோன்றுகிறது.

அந்த ஆண்டு கொலுவில் பட்டாபிஷேகத் தொகுதி வழக்கம்போல் நடுப்படியில் எழுந்தருளியது. அதற்குக் கீழ்ப்படியில் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மைகள். எத்தனை முறை தள்ளினாலும் அவை ஆடிவிட்டு நிமிர்ந்துகொள்ளும். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதே காரணம். ஆட்டம் அவற்றுக்கும் உண்டு. ஊன்றிய இடம் உறுதியானது.

தாம்பூலம் பெற வந்தவர்களுள் எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை. என் தமக்கையார் மட்டும் அருகில் சென்று உற்றுப் பார்த்துவிட்டு, “ஒரு கண் கொஞ்சம் பெரிதாக இருக்கிறதே, தம்பி” என்றார். ஆம், அக்கா. சின்னது என்னுடையது, பெரியது பேத்தியுடையது. பிராட்டி இரண்டாலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இவ்வாண்டும் பெட்டியை இறக்கும் நாள் நெருங்குகிறது. நெல் நிரப்பிய துணிப்பை தயாராக இருக்கிறது.