மும்பை மழையும் அஞ்சறைப்பெட்டியும்

துறைமுக இருப்புப்பாதையில் குர்லாவுக்கு அடுத்துள்ள நிலையம் சுனாபட்டி. சுண்ணாம்புக் காளவாய் என்பது அப்பெயரின் பொருள். அங்கும், அருகிலுள்ள தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தோல் பதனிடும் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்கு வந்தோர் அவர்களுள் முன்னோடிகள். நெல்லைச் சீமையின் வெயிலுக்கு ஏற்ப அமைந்த சமையல் பழக்கங்களை அவர்கள் உடன்கொண்டு வந்தனர். ஆனால், திருநெல்வேலியில் ஓராண்டில் பெய்யும் மழையைப்போல் இரு மடங்குக்கும் மேலான மழை, மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. அடுக்களை, கூடம், படுக்கையறை எல்லாம் ஒரே அறையாக உள்ள வீட்டில் அந்த ஈரத்திலிருந்து உணவுப் பொருளைக் காப்பது எளிதன்று.

மழைக்காலத்தில் முதலில் கெடுவது உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், தூய உப்பும் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். மும்பையின் ஜூலை மாதக் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். எனவே, உப்பு நீர்த்துப்போவது வாங்கிய கடையின் குற்றமன்று. உப்புச் சாடியில் சிறிதளவு பச்சரிசியைப் போட்டுவைப்பர். அரிசி ஓரளவு ஈரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். அதைவிட இறுக மூடும் பீங்கான் சாடியே மிகுதியாகப் பயன்தரும். புளியையும் உலோகப் பாத்திரத்தில் வைத்தல் கூடாது. அதிலுள்ள அமிலம் உலோகத்தை அரித்துவிடும்.

பருப்பில் வண்டு விழுவது அடுத்த தொல்லை. பருப்பு வண்டு தன் முட்டைகளைப் பருப்பின் மேல்தோலில் ஒட்டவைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளே துளைத்துச் சென்று அதனைத் தின்று வளரும். துவரையைச் செம்மண் கட்டி உலர்த்துவதும், பருப்பில் சிறிது ஆமணக்கெண்ணெய் தடவிவைப்பதும் தமிழ்நாட்டு வழக்கங்கள். எண்ணெய்ப் பூச்சின்மேல் முட்டை எளிதில் ஒட்டாது. ஒட்டினாலும் காற்றின்றி அழியும். சமைக்குமுன் வெந்நீரில் கழுவினால் எண்ணெய் நீங்கிவிடும்.

இனி இட்லி மாவு. தாராவியில் பல தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி உணவு மட்டுமன்று, பிழைப்புமாகும். விடியுமுன்பே எழுந்து இட்லி அவித்து, துணி விரித்த பெரிய பாத்திரங்களில் அடுக்கி, சட்னி, சாம்பாருடன் மிதிவண்டியில் ஏற்றி நகரெங்கும் விற்றுவருவர். ஓர் இரவு மாவு பொங்காமற் போனாலும், மிகுதியாகப் புளித்துவிட்டாலும் அந்நாளின் வருமானம் போய்விடும். வாடிக்கையாளரும் மறுநாள் வேறு வண்டியைத் தேடிச் செல்வர்.

மாவு பொங்குவது எதனால்? கையால் கலப்பதனால்தான் மாவு புளிக்கிறது என்பர். அது முழு உண்மையன்று. மாவைப் பொங்கவைக்கும் லியூக்கோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ளன. ஊறும்போதே பெருகத் தொடங்குகின்றன. அவை சர்க்கரைப் பொருளை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயுவைத் தப்பவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் வழவழப்பு. கடையில் ‘உடத் தால்’ என்று கேட்டு வாங்கப்படும் அதே உளுந்துதான் அது. பழைய உளுந்தில் வழவழப்புக் குறையும். அதனால் இட்லி கல்லாகும். சமையற்சோடா சேர்த்தால் இட்லி உப்பும். ஆனால் புளித்த மாவின் சுவை வாராது.

நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுக்கணக்கு. மாவு நன்கு பொங்க 30 பாகை அளவிலான வெப்பம் ஏற்றது. மும்பையின் மே மாதத்தில் மாவு விரைந்து புளித்துவிடும். ஆகவே குளிர்ந்த நீர் விட்டு அரைத்து, உப்பை அப்போதே கலந்துவிடுவர். உப்பு நுண்ணுயிர்களின் வேகத்தைச் சற்றே தணிக்கும். ஜனவரி இரவுகளிலோ வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்கும். அப்போது பாத்திரத்தைப் போர்வையால் சுற்றியோ, வெதுவெதுப்பான நீருள்ள அகன்ற பாத்திரத்தினுள் இறக்கியோ வைப்பர். எக்காலத்திலும் பாத்திரத்தின் பாதியளவே மாவு ஊற்ற வேண்டும். இல்லையெனில் விடியற்காலையில் தரையைக் கழுவ நேரும்!

தாராவிச் சந்துகளில் கவிழ்த்த மூங்கிற்கூடைகளின்மேல் அப்பளங்கள் உலர்வதைக் காணலாம். தரையில் பாய் விரித்தால் அப்பளத்தின் அடிப்பக்கம் உலராது. கூடையின் இடைவெளிகள் வழியே காற்று புகுவதால் இருபுறமும் ஒருசேர உலர்கின்றன. மேகம் கறுத்தால் கூடையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடலாம். இட நெருக்கடியும் மழையும் சேர்ந்து கற்பித்த இம்முறை, மொட்டைமாடியுள்ள வீடுகளுக்கும் ஏற்றதே.

எல்லா ஊர் வழக்கமும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. நெல்லையின் வறண்ட கோடையில் மண்பானை நீர் நன்கு குளிரும்; பானையின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் உடன் கொண்டுபோகும். தாராவியின் கும்பார்வாடாவில் வாங்கிய பானை எவ்வளவு நல்லதாயினும், மும்பையின் ஈரக்காற்றில் நீர் மெல்லவே ஆவியாவதால் அத்துணைக் குளிர்ச்சி கிட்டாது. அதில் காய்கறியை வைத்துவிட்டு, அது கெடாதென்று நம்பியிருத்தல் தவறு.

2005 ஜூலை 26 அன்று தொடங்கிய பெருமழையில், சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. பல பகுதிகளில் மின்சாரம் நின்றது. குளிர்பெட்டி வைத்திருந்தோரும் இல்லாதோரும் ஒரே நிலைக்கு வந்தனர். மின்சாரம் நின்றபின், கதவைத் திறவாதிருந்தால் குளிர்பெட்டி ஏறத்தாழ நான்கு மணிநேரம் குளிர்ச்சியைக் காக்கும். அதன்பின் அதுவும் வெறும் அலமாரியே.

மிஞ்சிய சோற்றில் தனிக் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் சாகா. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு அழியாது. ஆகவே சோற்றை அகன்ற தட்டில் பரப்பி விரைவில் ஆறவிட்டுக் குளிர்பெட்டியில் வைத்தலே நன்று. அது இல்லாத வீடுகளில், ஆறியவுடன் காய்ச்சி ஆறிய நீரை ஊற்றிவைப்பர். பால் அமில நுண்ணுயிர்கள் நீரில் பெருகிப் புளிப்பேற்றுவதால் பிற கிருமிகளின் வளர்ச்சி தடைப்படும். அந்தப் பழைய சோற்றைக் காலையிலேயே உண்டுவிட வேண்டும். நண்பகல்வரை வைத்ததும், நூல்விட்டதும், வாடை மாறியதும் குப்பைக்கு உரியவை.