முடிச்சுமாறிகளும் சுற்றுலாப் பயணிகளும்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 10ஆம் நாள், பாரிஸ் நகரிலுள்ள லூவர் அரும்பொருட்காட்சிச்சாலை கதவடைத்துக்கொண்டது. மோனாலிசா ஓவியத்தைக் காணத் தொலைதேசங்களிலிருந்து வந்தோர் வெளியே நின்றனர். ஓவியத்துக்கு ஆபத்து ஏதும் நேரவில்லை. காட்சிச்சாலையினுள்ளே கூட்டங்கூட்டமாக நடமாடிய சட்டைப்பைத் திருடர்களின் தொல்லையைப் பொறுக்கமாட்டாமல் அங்குள்ள பணியாளரே அன்று வேலைநிறுத்தஞ் செய்தனர். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் ஈபெல் கோபுரமும் இதே காரணத்தினால் ஒரு நாள் சில மணி நேரம் மூடப்பட்டது.

நேயர்களே, நம் நாட்டவர் பலர் இக்காலத்தில் உறவினரைக் காணப் பாரிஸுக்கும் இலண்டனுக்கும், யாத்திரையாக உரோமாபுரிக்கும் செல்கின்றனர். காவற்பணியாளரையே கலங்கச் செய்த இத்தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை அறிந்து சென்றால் அவர்களுக்கு நன்மையுண்டு.

இத்திருடனுக்கு நம் மொழியில் ‘முடிச்சுமாறி’ என்னும் பழைய பெயர் வழங்குகின்றது. பணத்தைத் துணியின் தலைப்பில் முடிந்துவைத்த காலத்துப் பெயர் அது. ஆங்கிலேயரோ ‘பை அறுப்பவன்’ என்றனர். அவர்கள் பணப்பையை இடைக்கச்சையில் தொங்கவிட்டிருந்தனர். பின்னர் உடையிலே பைகள் தைக்கப்பட்டன. கத்தி வைத்திருந்த கை விரலை நம்பத் தொடங்கியது. ராபர்ட் கிரீன் என்னும் எழுத்தாளர் 1591, 1592ஆம் ஆண்டுகளில் இலண்டன் கள்வரின் தந்திரங்களை அம்பலப்படுத்திச் சிறு நூல்கள் வெளியிட்டார். ஒருவன் வழிமறித்து நிற்க மற்றொருவன் எடுக்கும் முறை அவற்றிலேயே விவரிக்கப்பட்டுள்ளது. இன்று மாறியிருப்பது வண்டிதான், முறை மாறவில்லை.

இங்கிலாந்தில் 1565ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரறியாமல் அவர் உடலிலிருந்து ஒரு சிலிங்குக்கு மேற்பட்ட பொருளைக் கவர்ந்தவனுக்கு மரணதண்டனை விதித்தது. 1808ஆம் ஆண்டிலேதான் சேர் சாமுவேல் ரொமிலியின் முயற்சியால் அது நீக்கப்பட்டது. ஆயினும் கள்வரைத் தூக்கிலிடும் காட்சியைக் காணத் திரண்ட கூட்டத்தினுள்ளேயே கள்வர் தம் தொழிலைச் செய்து வந்தனர். தூக்குமரத்தை நோக்கிய கண்கள் தம் இடுப்பை நோக்கா அல்லவா?

இத்தொழிலின் இரகசியம் முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கியிருக்கிறது. முடிச்சுமாறி முதலிற் கவர்வது நம் கவனத்தை. பணம் அதன் பின்னரே போகின்றது. 2011ஆம் ஆண்டில் நரம்பியல் அறிஞர் சிலர், பார்வையாளரின் பொருளை மேடையிலே கவர்ந்து காட்டும் வித்தைக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு ஓர் ஆய்வு நிகழ்த்தினர். கை நேர்கோட்டில் விரைந்து சென்றால், நம் கண் அக்கோட்டின் முடிவுக்குத் தாவி, உடனே தொடங்கிய இடத்துக்கு மீளக்கூடும். கை வில்போல வளைந்து சென்றால், கண் அதனையே பின்தொடர்கின்றது. விட்டுவந்த இடத்தை மறந்துவிடுகின்றது. அறிஞர் ஆய்ந்து கண்டதைக் கள்வர் பழக்கத்தினால் அறிந்து வைத்திருக்கின்றனர்.

ஆகவே, எந்த இடத்தில் நம் கவனம் தானாகவே சிதறும் என்று பார்த்து அவர்கள் அங்கே காத்திருப்பர். பாரிஸில் மெத்ரோ எனப்படும் சுரங்கப் புகையிரதத்தின் கதவடி அத்தகையது. லூவரையும் சாம்ஸ் எலிசே வீதியையும் தொட்டுச் செல்லும் முதலாம் இலக்க வழியில் இதற்குக் குறைவில்லை. கதவு மூடப்படுமுன் ஒலிக்கும் ஒலி நமக்கு அவசரத்தைத் தருகின்றது. கள்வனுக்கோ அது புறப்படும் நேரம். எடுத்தவன் வெளியே பாய்கிறான், கதவு மூடுகிறது, நாம் உள்ளே அகப்பட்டு அடுத்த நிலையத்துக்குப் போகிறோம்.

எனக்கும் இது நேர்ந்தது. தங்கை குடும்பத்தைக் காணச் சென்றிருந்தபோது, வண்டியில் ஏறுகையில் எனக்கு முன்னே நின்ற கனவான் ஒருவர் சில்லறைக் காசுகளைத் தவறவிட்டுக் குனிந்தார். விழுந்ததை எடுத்துக் கொடுப்பது ஆசிரியத் தொழிலில் வந்த பழக்கம், நானும் குனிந்தேன். பின்னால் நின்றவர்கள் என்மேல் நெருங்கினர். காசைக் கொடுத்து அவருடைய நன்றியையும் ஏற்றுக்கொண்டேன். இரண்டு நிலையங்கள் கடந்தபின் பார்த்தால் தோட்பையின் வாய் திறந்து கிடந்தது. பணப்பை என்று கருதி அவர்கள் எடுத்துச் சென்றது என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை. மறுநாள் லூவரில் ஓவியங்களின் கீழே எழுதியிருந்த எதனையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

உரோமாபுரியில் தெர்மினி நிலையத்திலிருந்து புனித பேதுரு ஆலயத்தின் பக்கமாகச் செல்லும் 64ஆம் இலக்கப் பேருந்து யாத்திரிகருக்கும் கள்வருக்கும் பொதுவான வாகனம். பார்சலோனா நகரிலே உங்கள் சட்டையில் ஏதோ அழுக்கை நீங்கள் அறியாமலே தெளித்துவிட்டு, பறவை எச்சமிட்டதென்று இரக்கத்தோடு துடைக்க வருவார்கள். துடைக்க வரும் கைகள் இரண்டுதாமா என்று எண்ணிப் பார்ப்பது நலம். பாரிஸில் மொன்மாத்திர் குன்றின் படிகளில் நிற்போர் உங்கள் மணிக்கட்டில் வண்ணநூலைக் கட்டிவிட்டுப் பணங் கேட்பர். கோயிலிலே காப்புக் கட்டிப் பழகிய நம்மவர் கையை நீட்டிவிடுவது இயல்பே. பற்றிய கையை அவர்கள் எளிதில் விடுவதில்லை. மற்றப் பக்கத்தில் என்ன நடக்கிறதென்று பார்க்கவும் இயலாது. ஊமையருக்கு உதவியென்று கையொப்பங் கேட்டு நீட்டும் தாளும் அவ்வாறே, அதன் கீழுள்ள கையை மறைப்பதற்கு வருகின்றது. உணவகத்து மேசையில் வைத்த கைத்தொலைபேசியின் மேல் தேசப்படம் ஒன்றை விரித்து வழி கேட்பவனும் இவ்வினத்தவனே.

நாள் முழுவதும் விழிப்போடு இருங்கள் என்று நான் கூறப்போவதில்லை. அது எவராலும் இயலாது. இயன்றாலும் அத்தகைய பயணத்தில் இன்பமில்லை. கவனம் தவறினாலும் கைக்கு எட்டாதவாறு பொருளை வைப்பதே வழி. நம் பாட்டன்மார் பணத்தை மடியிலே செருகினர். பாட்டிமார் கொட்டைப்பெட்டியை இடுப்பிலே செருகினர். உடைக்குள்ளே இடுப்போடு சேர்த்துக் கட்டும் தட்டையான பணப்பையை இன்று பயணக் கடைகளில் விலைக்கு வாங்குகிறோம். கடவுச்சீட்டும் பெருந்தொகையும் அதற்குள்ளே இருக்கட்டும். அன்றன்று செலவுக்கு வேண்டியதை மாத்திரம் வேறாக வைத்துக்கொண்டால், வீதியில் அப்பையைத் திறக்க நேராது. காற்சட்டையின் பின்பை பணத்துக்கு உரிய இடமன்று. முதுகுப்பையைப் புகையிரதத்தில் மார்புப் பக்கமாக மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று: ‘திருடர் உளர், கவனம்’ என்னும் பலகையைக் கண்டதும் கை தானாகவே பணமுள்ள இடத்தைத் தடவும். அதனைக் கவனிப்பதற்கென்றே பலகையருகில் ஒருவன் நிற்கக்கூடும்.

பொருள் போய்விட்டால், முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்த வேண்டும். ஆகையால் அவ்விலக்கம் தொலைபேசியில் மாத்திரமன்றித் தாளிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொலைபேசியே முதலிற் போகலாம். அடுத்து பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறவேண்டும். கடவுச்சீட்டை இழந்தவர் அப்பிரதியோடுதான் நம் தூதரகத்தை நாடவேண்டும். கடவுச்சீட்டின் படப்பிரதியொன்று பெட்டியிலும் மற்றொன்று உறவினர் வீட்டிலும் இருந்தால், திருமணத்துக்கென்று சென்றவர் அலுவலக வாயிலில் நாட்களைக் கழிப்பது குறையும்.

கள்வனைத் தோற்றத்தால் அறிந்துவிடலாமென்று எண்ணுவோர் உளர். நான் காசு பொறுக்கிக் கொடுத்தவர் நல்ல மேலங்கி அணிந்திருந்தார். அதே வண்டியில் கறுத்த நிறத்தவர் ஒருவர் அருகில் வந்தபோது வெள்ளையர் சிலர் கைப்பையை அணைத்துக்கொண்டதையும் கண்டேன். என் தங்கையின் மகனும் அந்நிறத்தவனே. நாள்தோறும் அவ்வண்டியிலேயே வேலைக்குப் போகிறான்.

எடுக்கும் கை சில வேளைகளில் மிகச் சிறியதாகவும் இருக்கும். 2013ஆம் ஆண்டில் பாரிஸ் நீதிமன்றமொன்று, சிறுமியரை அச்சுறுத்தி மெத்ரோவில் திருட அனுப்பி வந்த ஒரு கும்பலின் தலைவனைச் சிறைக்கு அனுப்பியது. போதிய பணம் கொண்டுவராத நாளில் அச்சிறுமியர் அடிக்கப்பட்டனர். அவர்கள் பாடசாலையில் இருக்கவேண்டிய வயதினர்.