மீண்டும் எழுந்த முகங்கள்

1948-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் தேதி, லண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டில்பரித் துறைமுகத்தில், 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலிலிருந்து ஜமெய்க்கா முதலிய கரீபியன் தீவுகளைச் சேர்ந்த 800-க்கும் மேற்பட்டோர், யுத்தத்தால் நலிந்திருந்த பிரிட்டனில் உழைத்துப் பிழைக்கும் நம்பிக்கையோடு கரையிறங்கினார்கள். அவர்களையும், அடுத்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவர்களைத் தொடர்ந்து வந்தோரையும் 'விண்ட்ரஷ் தலைமுறை' என்று வழங்குகிறார்கள்.

ஆஸ்பத்திரிகளிலும் பஸ்களிலும் ஓய்வின்றி உழைத்த அம்மக்கள், பிரிக்ஸ்டனில் ஹாரி ஜேக்கப்ஸ் நடத்தியது போன்ற புகைப்பட நிலையங்களுக்குத் தம்மிடமுள்ள உடைகளில் சிறந்ததை அணிந்து சென்று, தாம் நலமாயிருப்பதற்கு அத்தாட்சியாகப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார்கள். அவர்கள் வந்திறங்கிய நாளைக் காட்டும் வருகைச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் 2010-இல் சர்க்காரால் அழிக்கப்பட்டன. முழு உரிமையோடு வந்து குடியேறியவர்களே அதை நிரூபிக்க இயலாமல் வேலையும் வைத்தியமும் மறுக்கப்பட்டு, சிலர் நாடுகடத்தவும் பட்ட அநியாயம் 2018-இல் உலகறிந்தது. ஏடுகள் அழிந்தபின் முகங்களே சாட்சியாக எஞ்சிய ஒரு சமூகத்தில், பொது இடத்தில் வைத்த உருவத்தைச் சிதைப்பதைச் சில்லறைக் குறும்பு என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

பிரிஸ்டல் நகரில், ஜமெய்க்காவில் பிறந்த நாடகாசிரியர் ஆல்பிரட் ஃபகனுக்கு 1987-இல் நிறுவப்பட்ட மார்பளவுச் சிலைமீது 2020 ஜூனில் யாரோ அரிக்கும் திரவத்தை ஊற்றினார்கள். உலோகச் சிலைக்கு இது சாமான்யமான தீங்கன்று. வெண்கலத்தின்மேல் காலம் படியவைக்கும் நிறப்படலத்தை ரசாயனம் அரித்துவிடுமாதலால், தாமதமின்றி நிறைய நீர்விட்டுக் கழுவி, உலர்த்தி, மெழுகு பூசிக் காக்கவேண்டும்.

சுவர்ச் சித்திரத்துக்கு மருத்துவம் வேறு. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில், செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து வந்த பாட்டியின் பேரரான கால்பந்து வீரர் மார்க்கஸ் ராஷ்ஃபோர்டின் உருவத்தை, அவ்வூர்ச் சமூகக் கலைக்குழுவின் முயற்சியால், ஆக்ஸே என்ற ஓவியர் 2020-இல் கறுப்பு வெள்ளையில் தீட்டியிருந்தார். 2021 ஜூலை 11-ஆம் தேதி ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்து தோற்ற இரவில் அதன்மீது இழிசொற்கள் எழுதப்பட்டன. அவ்வெழுத்து இனத்துவேஷமுடையதன்று என்றே போலீசார் பின்னர் கருதினார்கள். ஆனால் பெனால்டியைத் தவறவிட்ட மூன்று கறுப்பு வீரர்கள்மீது இணையத்தில் அன்றிரவு பொழிந்த நிறவெறி வசையோ மறுக்கமுடியாதது. விடிந்ததும் ஊரார் அச்சொற்களைக் குப்பைப் பைகளால் மறைத்தார்கள். அதன்மேல் குழந்தைகளின் கடிதங்களும் காகித இதயங்களும் கொடிகளும் சுவர் கொள்ளாமல் நிறைந்தன. ஓரிரு நாட்களில் ஆக்ஸே திரும்பிவந்து, கெட்ட பகுதியை மீண்டும் தீட்டி முடித்தார்.

தெருவில் வைக்கும் புகைப்படப் பலகைகளுக்கோ, மூலப்படம் பத்திரமாயிருந்தால் புதிதாக அச்சிடுவது எளிது. எனினும், கிழிந்த பலகையைக் குப்பையில் எறியாமல், நிகழ்ந்ததற்குச் சாட்சியாகப் புதியதன் பக்கத்திலேயே காப்பது அவசியம் என்பது என் துணிபு. விதிங்டன் மக்கள் இதை உணர்ந்தே செயல்பட்டார்கள்: சித்திரம் சீரானதோடு அமையாமல், சுவரில் ஒட்டியிருந்த கடிதங்களையும் மழை கரைக்குமுன் பக்குவமாக எடுத்து, நகரின் ஆவணங்களோடு சேர்த்துப் பேண ஏற்பாடு செய்தார்கள்.