அடுப்பு ஏற்றிய ட்ரெய்லர்: செய்தவரே பொறுப்பு, செய்தவருக்கே உரிமை

அமெரிக்காவில் பார்பிக்யூ போட்டி என்பது கிட்டத்தட்ட ஒரு திருவிழா. கான்சாஸ் சிட்டி, மெம்பிஸ், ஹூஸ்டன் போன்ற நகரங்களில் பெரிய அளவில் நடக்கிறது. ஊர்ப் பூங்காவிலும் கவுண்டி கண்காட்சியிலும் சிறிய அளவில் நடக்கிறது. முதல் நாள் மாலையே தீ மூட்டி, இரவெல்லாம் கண்விழித்து இறைச்சியை வாட்டி, மறுநாள் நடுவர்கள் முன் தட்டை வைப்பார்கள். இதற்கான அடுப்பு, பாத்திரம், ஐஸ் பெட்டி, மேசை, கூடாரம் எல்லாவற்றையும் ஏற்றிப்போக ஒரு ட்ரெய்லர் வேண்டும். போட்டிக்கென்றே தயாராகி விற்பனைக்கு வரும் ட்ரெய்லர்களின் விலை அதிகம். சிறிய காரே இழுக்கும் அளவுக்கு இலேசான ஒன்றை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம் என்று பலர் இறங்குவது அதனால்தான். டெக்சஸ் போன்ற மாநிலங்களில் வசிக்கும் நம்மவர்களில் கைவேலை தெரிந்தவர்களுக்கும் இந்த ஆசை வரும்.

ஆசைப்படுவதில் தவறில்லை, சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் கடையில் வாங்கிய ட்ரெய்லரில் குறை இருந்தால் கேள்வி கேட்க ஓர் உற்பத்தியாளர் இருக்கிறார். நீங்களே செய்த வண்டிக்கு உற்பத்தியாளர் நீங்கள்தான். டெக்சஸில் 2025 ஜனவரி 1 முதல், வணிகத்துக்குப் பயன்படாத வண்டிகளுக்கான வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையே நிறுத்தப்பட்டுவிட்டது. உங்கள் வெல்டிங் பிடித்திருக்கிறதா, சக்கரம் தாங்குமா என்று ஆண்டுதோறும் யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. பின்னால் வரும் காரில் இருக்கும் குடும்பத்தின் உயிர் உங்கள் கவனத்தை நம்பியிருக்கிறது.

முதலில் போட்டி விதி, பிறகு வெல்டிங்

எந்தப் போட்டிக்குப் போகிறீர்கள் என்று முடிவு செய்யாமல் இரும்பு வாங்காதீர்கள். 1985-இல் தொடங்கப்பட்ட கான்சாஸ் சிட்டி பார்பிக்யூ சொசைட்டியின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் விறகு, கரி, மரத்தூள் பெல்லட் ஆகியவற்றில்தான் இறைச்சியைச் சமைக்கலாம். கேஸ் அடுப்பின் சூட்டிலோ மின்சாரச் சூட்டிலோ சமைக்க அனுமதி இல்லை. அங்கே போவதற்காக மூன்று பர்னர் கேஸ் அடுப்பைப் பொருத்தினால், பணமும் வீண், எடையும் வீண். சமைக்கும் வரை இறைச்சியை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகாமலும், சமைத்தபின் 140 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் வைத்திருக்க வேண்டும். அடுப்புகளுக்கு அருகில் தீயணைப்புக் கருவி இருந்தாக வேண்டும். எனவே ஐஸ் பெட்டிக்கும், சமைத்த இறைச்சியைச் சூடாக வைக்கும் பெட்டிக்கும், கை கழுவும் தண்ணீருக்கும் வரைபடத்திலேயே இடம் ஒதுக்குங்கள்.

டச்சு அவன் போட்டிகள் வேறு வகை. வார்ப்பிரும்புச் சட்டியின் அடியிலும் மூடிமேலும் கரித்துண்டுகளை அடுக்கிச் சமைப்பார்கள். அதற்கு, புகையில் இறைச்சி வாட்டும் பெரிய ஸ்மோக்கரே வேண்டாம். இலேசான ட்ரெய்லர் செய்ய நினைப்பவருக்கு மிகவும் ஏற்றது இதுதான்.

எடை: கணக்கை முன்கூட்டியே போடுங்கள்

உங்கள் காரின் கையேட்டில் அது இழுக்கக்கூடிய எடை குறிப்பிடப்பட்டிருக்கும். சிறிய எஸ்யூவி வண்டிகள் பலவற்றுக்கு அது 1,500 பவுண்டுதான். இழுக்கவே கூடாது என்று சொல்லும் கார்களும் உண்டு. ட்ரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் ஹிட்ச் 2,000 பவுண்டு தாங்கும் என்று அதன்மேல் எழுதியிருக்கலாம். அதனால் காரின் எல்லை உயர்ந்துவிடாது. கார், ஹிட்ச், ட்ரெய்லர் முனை உட்காரும் ஹிட்ச் பந்து, ஆக்சில், டயர் ஆகியவற்றில் எது குறைவாகத் தாங்குமோ அதுவே உங்கள் எல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 அடிக்கு 8 அடி சட்டம், சக்கரங்களோடு சுமார் 280 பவுண்டு. பிளைவுட் தளம் 60. அலமாரிகள் 100. டிரம் ஸ்மோக்கர் 100. நிரம்பிய இரண்டு ஐஸ் பெட்டிகள் 160. மேசையும் கூடாரமும் 80. வார்ப்பிரும்புச் சட்டிகள் 80. கரியும் விறகும் 60. இதுவரை 920 பவுண்டு. இதோடு 20 காலன் தண்ணீரை நிரப்பினால் இன்னும் 167 பவுண்டு ஏறும். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டுக்கு மேல் கனக்கும். போகிற இடத்தில் தண்ணீர் கிடைக்கும் என்றால் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோங்கள். ஒரு காசும் செலவில்லாமல் குறைக்கக்கூடிய எடை அது. பழைய 250 காலன் புரொபேன் தொட்டியை வெட்டி ஸ்மோக்கர் செய்யும் வழக்கமும் உண்டு. அந்தத் தொட்டி காலியாகவே 500 பவுண்டை ஒட்டி வரும். சிறிய காருக்கு அந்த யோசனையே வேண்டாம்.

மொத்த எடை எவ்வளவு என்பதோடு, அது எங்கே உட்கார்கிறது என்பதும் உயிர்ப்பிரச்சினை. மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும் என்பது நம் ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ட்ரெய்லருக்கும் அதே கதிதான். முன்பக்கம் பந்தின்மேல் இறங்கும் பாரம், மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, காரையே சுழற்றிவிடும். 1,100 பவுண்டு ட்ரெய்லர் என்றால் முன்பாரம் 110 முதல் 165 பவுண்டு. கார் தாங்கும் முன்பாரம் 150 என்றால், 130-ஐ ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு பாரத்தைச் சோதிக்க வீட்டு எடைக்கருவி போதும். ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, இணைப்பு முனை காரில் மாட்டும் அதே உயரத்தில் இருக்கும்படி ஒரு கட்டையைக் கொடுத்து எடைக்கருவியின் மேல் இறக்குங்கள். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள். மொத்த எடையை நெடுஞ்சாலை ஓர லாரி எடைமேடையில் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். எல்லாப் பொருளையும் ஏற்றியபின் பார்த்தால்தான் அது உண்மையான எடை.

எடையைக் குறைக்க அலுமினியம் நல்ல வழி; அதன் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அலமாரி, கதவு, மேல்மூடி எல்லாவற்றையும் அதில் செய்யலாம். ஆனால் பாரம் தாங்கும் சட்டத்தையும் இழுக்கும் தண்டையும் எடைக்காக மெலியவிடாதீர்கள்.

சாலைச் சட்டம் கேட்பவை

வீட்டில் செய்த ட்ரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டிய வண்டிதான். டெக்சஸில் மொத்த எடை 4,000 பவுண்டுக்கு மேல் போனால் உரிமைப் பத்திரமும் கட்டாயம். அதற்குக் கீழே கட்டாயமில்லை, விரும்பினால் வாங்கலாம். வாங்கிவிடுங்கள் என்பதே என் கருத்து. வண்டி திருடுபோனாலும், விற்க நேர்ந்தாலும் அந்தப் பத்திரம்தான் உங்களுக்குச் சாட்சி. தொழிற்சாலை எண் இல்லாத வண்டிக்கு மாநில வாகனத் துறை ஓர் அடையாள எண் தரும்; அதை வண்டியின் இரும்புச் சட்டகத்தில் பொறிக்க வேண்டும். இரும்பு வாங்கிய ரசீது, வேலை நடக்கும்போது எடுத்த படங்கள், எடைச் சீட்டு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். இந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்கள், பாகங்களாக வரும் ட்ரெய்லர் சட்டத்தை வாங்கிப் போல்ட் போட்டு இணைத்து, அதன்மேல் சமையலறையைக் கட்டலாம். அதற்கு 17 இலக்க எண்ணும் உற்பத்தியாளர் சான்றும் கூடவே வரும்.

டெக்சஸில் மொத்த எடை 4,500 பவுண்டைத் தாண்டினால்தான் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கலிஃபோர்னியாவில் 3,000 பவுண்டிலேயே கட்டாயமாகிவிடும். ட்ரெய்லர் இழுக்கும் வண்டி அங்கே மணிக்கு 55 மைலுக்கு மேல் போகவும் கூடாது. வேறு மாநிலப் போட்டிக்குப் புறப்படும் முன் அந்த மாநில விதியைப் பாருங்கள். பின்விளக்கு, பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு, எண்பலகை விளக்கு, பக்கப் பிரதிபலிப்பான்கள் எல்லாம் வேண்டும். இணைப்பு கழன்றாலும் ட்ரெய்லர் ஓடிவிடாதபடி இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை இழுதண்டின் கீழே ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போடுங்கள். முனை கழன்று விழுந்தால் அந்தக் குறுக்குச் சங்கிலி ஏந்திக்கொள்ளும். டெக்சஸில் 18 வயதுக்குட்பட்டவர்களைத் திறந்த ட்ரெய்லர் தளத்தில் ஏற்றி ஓட்டுவது குற்றம். போட்டித் திடலுக்குள் நாலு அடி தூரம்தானே என்று பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

தீ, வாயு, புகை

பழைய 55 காலன் டிரம்மை வெட்டி ஸ்மோக்கர் செய்வது மிகவும் பரவலான வேலை. மிகவும் ஆபத்தான வேலையும் அதுதான். பெட்ரோலோ கரைப்பானோ இருந்த டிரம் காலியாகத் தோன்றினாலும் உள்ளே ஆவி தங்கியிருக்கும். தீப்பொறி பட்டால் வெடிக்கும். என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மைத் தொடாதீர்கள். உட்பூச்சு இல்லாத, உணவுப் பொருளுக்கான புது டிரம் வாங்குங்கள். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் எழும் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். அந்தத் தகட்டையும் வலையையும் உணவு வாட்டும் இடத்தில் வைக்கவே கூடாது.

விதி அனுமதிக்கும் போட்டிக்கு கேஸ் கொண்டுபோவதானால் சிலிண்டரை ட்ரெய்லரின் முன்பக்கம், வெளியே, நிமிர்த்தி வைத்து அசையாமல் கட்டுங்கள். புரொபேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் பூட்டக்கூடாது; வெளிப்பெட்டி வைத்தாலும் அடியில் காற்றுத் துளை வேண்டும். ஓட்டும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை இணைத்தபின்னும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிரிஸ்கெட் எனும் மாட்டு மார்பிறைச்சி வேக இரவு முழுவதும் ஆகும். குளிர் இரவில் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய ட்ரெய்லருக்குள்ளோ இழுத்து வைத்துக்கொண்டு உறங்குபவர் விழிக்காமலே போகலாம். தணல் அணைந்ததுபோல் தெரிந்தாலும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். உறங்கும் இடம் வேறு, அடுப்பு இருக்கும் இடம் வேறு என்று கண்டிப்பாகப் பிரியுங்கள். உறங்கும் இடத்தில் பேட்டரியில் இயங்கும் எச்சரிக்கைக் கருவி வையுங்கள். தலைவலி, குமட்டல், மயக்கம் ஏற்பட்டால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து 911-ஐ அழையுங்கள். புறப்படும்போது சாம்பலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மூடியுள்ள உலோக வாளியில் போடுங்கள். தணலோடு ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

உங்கள் உரிமைகள்

பொறுப்பு உங்களுடையது என்பதால் உரிமை இல்லை என்றாகிவிடாது. ட்ரெய்லர் நீங்கள் செய்தது; அதன் ஆக்சிலும் டயரும் இணைப்பு முனையும் நிறுவனங்கள் செய்தவை. அவற்றில் பாதுகாப்புக் குறை இருப்பதாகச் சந்தேகித்தால் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம், அதாவது என்.எச்.டி.எஸ்.ஏ.விடம் புகார் செய்யலாம். குறையுள்ள பாகம் திரும்பப் பெறப்படும்போது உற்பத்தியாளர் இலவசமாகத் தீர்வு தர வேண்டும். அப்போது பாகத்தின் எண்ணும் ரசீதும் உங்களிடம் இருந்தால் உதவும்.

காரில் ஹிட்ச் பொருத்தியதைக் காட்டி, உத்தரவாதமே போய்விட்டது என்று யாராவது சொன்னால் அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் உத்தரவாதச் சட்டப்படி, வெளிநிறுவனப் பாகம் இருப்பது மட்டுமே உத்தரவாதத்தை மறுக்கக் காரணம் ஆகாது. அந்தப் பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்று உத்தரவாதம் தந்த நிறுவனம் காட்ட வேண்டும். ஆனால் எல்லையை மீறிப் பாரம் இழுத்ததால் கியர் கெட்டிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. லாரி எடைமேடைச் சீட்டு அப்போதுதான் கைகொடுக்கும்.

காப்பீட்டில் பலர் ஏமாறுகிறார்கள். கார்க் காப்பீடு, மாட்டியிருக்கும் ட்ரெய்லரால் பிறருக்கு நேரும் சேதத்தை ஏற்பது உண்டு. ட்ரெய்லருக்கே நேரும் சேதம் பெரும்பாலும் அதில் வராது. வீட்டில் செய்த வண்டியை விலக்கும் பாலிசிகளும் இருக்கின்றன. நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: வீட்டில் செய்த ட்ரெய்லர் இதில் அடங்குமா? மாட்டாமல் நிற்கும்போது அடங்குமா? தீயில் பொருள் எரிந்தால் யார் தருவார்? பொதுமக்களுக்கு உணவு விற்றால் இது செல்லுமா? விற்பனை என்று வந்துவிட்டால் உள்ளூர்ச் சுகாதாரத் துறையின் அனுமதி தேவைப்படுமா என்பதையும் முன்பே விசாரியுங்கள். நடுவருக்குத் தட்டு வைப்பதும் கூட்டத்துக்குத் தட்டு விற்பதும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

ஏதாவது நேர்ந்துவிட்டால்

விபத்து நடந்தால் முதலில் 911. பிறகு வண்டியையும் இணைப்பையும் சங்கிலியையும் சாலையையும் படம் எடுங்கள். உடைந்த பாகத்தை எக்காரணம் கொண்டும் குப்பையில் போடாதீர்கள். கழன்ற சக்கரமும் முறிந்த ஆக்சிலும்தான் சான்று. அவற்றை யாராவது பரிசோதனைக்கு என்று கேட்டால், படமும் ஒப்புகைச் சீட்டும் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு வெல்டிங்கை அரைகுறையாக விட்டவர்மீதும், சொன்ன பாகத்தை அனுப்பாத கடைமீதும் நடவடிக்கை எடுக்க வழியுண்டு. கிரெடிட் கார்டில் வாங்கிய பொருள் வரவில்லை என்றால், அந்தத் தொகை வந்த முதல் கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்குப் போய்ச் சேரும்படி எழுதி ஆட்சேபிக்கலாம். டெக்சஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடுமுன் எதிர்த்தரப்புக்கு 60 நாள் எழுத்து அறிவிப்பு தர வேண்டும். பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 20,000 டாலர் வரையான தொகைக்கு அங்குள்ள ஜஸ்டிஸ் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனுச் செய்யலாம். கலிஃபோர்னியாவில் தனிநபருக்கான சிறுதொகை வழக்கின் எல்லை 12,500 டாலர். காயமோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்தத் தீர்வுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை காகிதம். ரசீது, பாக எண், எடைச் சீட்டு, காப்பீட்டுப் பதில், வேலைப் படங்கள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டுக் காரில் ஒரு பிரதியும் வீட்டில் ஒரு பிரதியும் வையுங்கள். முதல் போட்டிக்கு முந்தைய வாரமே எல்லாப் பொருளையும் ஏற்றி எடை பாருங்கள். முன்பாரம் சோதியுங்கள். விளக்குகளை எரியவிட்டுப் பாருங்கள். பத்து மைல் மெதுவாக ஓட்டி, சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். கணக்கில் எங்காவது இடித்தால் அந்தப் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ட்ரெய்லரைச் சரிசெய்ய அந்த இடைவெளி உதவும்.