பெரட்டுக்கு வந்த மூன்று முனியம்மா

"அண்ணே, இந்த வயசுல மேடை ஏறுனா சனங்க சிரிப்பாங்களா?"

மலேசியாவில், புக்கிட் ரோத்தானில் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடையில், காலைக் கூட்டம் கலைந்த நேரத்தில், தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டது தங்கச்சி. உறவுமுறையில் தங்கச்சி இல்லை. ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள், அவ்வளவுதான். வயது 48, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், செத்துப்போன தன் அம்மா மாதிரி பேசிக் காட்டியிருக்கிறது. பந்தலே குலுங்கியதாம். கோயில் தலைவர் பொங்கல் விழாவில் பத்து நிமிஷம் தருவதாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை.

வயதைப் பற்றித்தான் முதலில் பேசினேன், பயம் அங்கேதான் இருந்தது. அமெரிக்காவில் பிலிஸ் டில்லர் என்று ஒரு பெண்மணி. 1955-இல் சான் பிரான்சிஸ்கோவின் பர்ப்பிள் ஆனியன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு 37 வயது, ஐந்து பிள்ளைகள். பெண்கள் தனியாக நின்று சிரிக்க வைப்பது அரிதாக இருந்த காலம் அது. அவர் பேசியதெல்லாம் அடுப்படி, அழுக்குத் துணி, புருஷன், தன் மூஞ்சி. நமக்குத் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் மொட்டை ராஜேந்திரன். பல வருஷம் சண்டைக் காட்சிகளில் அடி வாங்கியவர். 'நான் கடவுள்' 2009-இல் வந்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அதில் பார்த்தாலே குலை நடுங்கும் வில்லன். அடுத்த வருஷமே 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் அதே மொட்டைத் தலையும் கரகரக் குரலும் சிரிப்பை அள்ளின. அந்தக் குரல் இருபது வயதுப் பையனுக்கு வாய்க்காது.

தங்கச்சிக்கு அது போதவில்லை. "அவங்கள்லாம் பெரிய ஆளுங்கண்ணே. நான் என்னத்தப் பேச?"

அந்தக் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. துணுக்கு வேறு, சிரிப்பு நாடகம் வேறு. துணுக்கு ஒரு வரியில் வெடித்துவிடும். குறு நாடகத்தில் ஓர் ஆள் ஏதோ ஒன்றுக்கு ஆசைப்பட வேண்டும், அது கிடைக்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பம்மல் சம்பந்த முதலியாரைப் பாருங்கள். நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிக் குவித்தவர். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவரும் அவர்தான். அவருடைய 'சபாபதி' 1941-இல் படமாகவும் வந்தது. டி.ஆர். ராமச்சந்திரன் முதலாளி சபாபதி, காளி என். ரத்தினம் வேலைக்கார சபாபதி. அந்த வேலைக்காரனிடம் இருப்பது ஒரே ஒரு குணம்: எஜமான் சொன்ன சொல்லை அப்படியே, சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்வான். மொத்தச் சிரிப்பும் அந்த ஒரு குணத்திலிருந்து கிளம்புகிறது. முதல் தடவை பார்க்கிறோம், இரண்டாம் தடவை புரிகிறது, மூன்றாம் தடவை எஜமான் வாயைத் திறக்கும்போதே என்ன ஆகப்போகிறதோ என்று நாம் சிரிக்கத் தொடங்கிவிடுகிறோம். எழுதுகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான். இரண்டு குணம் வைத்தால் ஆள் குழம்பிவிடுகிறான்.

நான் 45 வயதில் எழுதிய முதல் உருப்படியான நாடகத்தை அவளுக்குப் பிரித்துக் காட்டினேன். எல்லாரும் பார்த்த இடம், தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம். விடியாத நேரம், தோளில் காண்டாக் கம்பும் வாளியுமாகப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். டவுனிலிருந்து புதுசாக வந்த கிராணி, அதாவது கணக்கர், வருகை பதியும் செக்ரோல் புத்தகத்தை விரித்துப் பெயர் கூப்பிடுகிறார். துரை வருவதற்குள் பெரட்டை முடித்துவிட வேண்டும், அவர் ஆசை அவ்வளவுதான். "முனியம்மா!" மூன்று பேர் "ஐயா" என்கிறார்கள். சரி, அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவோம் என்று "முனியம்மா, ராமசாமி மக" என்கிறார். மறுபடியும் மூன்று "ஐயா". மூன்று பேருக்கும் அப்பா ராமசாமி, மூன்றும் வேறு வேறு ராமசாமி. தோட்டத்தில் உங்களை எப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று கேட்கிறார். கோழி முனியம்மா, கெணத்தடி முனியம்மா, சிங்கப்பூர் முனியம்மா. அப்பாடா என்று எழுதப்போனால் கோழி முனியம்மா விடவில்லை, கோழியை விற்று ஆறு மாதமாகிவிட்டதாம், புத்தகத்தில் பொய் ஏறக் கூடாதாம். கெணத்தைத் தூர்த்துவிட்டார்கள். சிங்கப்பூருக்குப் போனது மூன்று நாள், அதுவும் சாவு வீட்டுக்கு, அதை வைத்து ஏன் பெயர் என்று மூன்றாமவள் அழத் தொடங்குகிறாள்.

பாருங்கள், யாரும் சிரிக்க வைப்பதற்காகப் பேசவில்லை. கிராணிக்கு அவசரம், அவர்களுக்கு மானம். இரு தரப்புக்கும் தங்கள் பக்கம் நியாயம். இரு தரப்புமே மனதாரப் பேசப் பேசத்தான் சிரிப்பு ஏறுகிறது.

முடிவுதான் வரவில்லை, இரண்டு வாரம் தவித்தேன். துரை வந்து திட்டுவது, மழை வந்து எல்லாரும் ஓடுவது என்று என்னென்னவோ எழுதிக் கிழித்தேன். கடைசியில் வந்தது சின்ன விஷயம். கிராணி பொறுமை இழந்து, "ஒரு தோட்டத்துல எத்தன முனியம்மாதான் இருப்பீங்க!" என்று கத்துகிறார். ஓரத்தில் நிற்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாய்க் கிழவி மெதுவாகக் கேட்கிறாள்: "தம்பி, ஒங்கம்மா பேரு என்னய்யா?" கிராணி பேனாவை மூடுகிறார். அவ்வளவுதான், விளக்கு அணைய வேண்டும்.

பதினொரு நிமிஷமாக இருந்ததை நாலரை நிமிஷமாகக் குறைத்தேன். வெட்டியதெல்லாம் நான் ரசித்த வரிகள். கிராணியின் அவசரத்துக்கு உதவாத வரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் போக வேண்டியதுதான்.

இன்னொன்றை ஆழமாகச் சொல்ல வேண்டும், அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பெரட்டு நாடகத்துக்கு முந்தைய வருஷம் வேறொரு மண்டபத்தில் நான் பேசியது தமிழ்ப்படப் பேச்சு. கவுண்டமணி, வடிவேலு பார்த்து வளர்ந்தவன், சிரிப்பென்றாலே அந்தப் பேச்சுதான் நாக்கில் வந்தது. மண்டபம் மரியாதையாக உட்கார்ந்திருந்தது, ஒருவர்கூட அசையவில்லை. பெரட்டு நாடகத்தில் "நெரை முடிஞ்சிருச்சா, மங்கு கழுவினியா" என்று முதல் வரியைச் சொன்னதுமே பின்வரிசைப் பாட்டிகள் நிமிர்ந்தார்கள். கிராணி, மண்டோர், தீம்பார், ஒட்டுப்பால், காண்டா எல்லாம் நம் சொற்கள். சென்னையில் உட்கார்ந்து எந்தப் பெரிய எழுத்தாளர் எழுதினாலும் அவர் வாயில் இது வராது. இங்கே ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர்ப்பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. பெரட்டில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற கடைசிப் பிள்ளைகள் நாங்கள்தான், நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள். இருபது வயதுப் பையன் இதைக் கேள்விப்பட்டிருப்பான். தங்கச்சி அங்கே நின்றிருக்கிறது.

குடிகாரனை மட்டும் தொடாதே என்று சொன்னேன். தோட்டத்து மேடையில் அதுதான் சுலபமான சிரிப்பு. தள்ளாடி வந்தாலே போதும். ஆனால் சம்சுச் சாராயம் எத்தனை வீட்டுத் தாலியை அறுத்தது என்று நமக்குத் தெரியும். நேற்று ராத்திரி அடி வாங்கிய பெண் மூன்றாவது வரிசையில் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பாள், எல்லாரும் சிரிக்க அவளும் சிரிக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரிப்பை நான் ஒருமுறை மேடையிலிருந்து பார்த்தேன். பிறகு அந்த வேஷத்தை நான் எழுதவே இல்லை. கறுப்பு, குண்டு, ஊமை என்று கூப்பிட்டுக் கிடைக்கும் சிரிப்பும் இந்த வகைதான்.

இனம், சமயம், அரண்மனை ஆகிய மூன்று பக்கமும் போக வேண்டாம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. யாராவது கைப்பேசியில் எடுத்து வலையில் ஏற்றிவிட்டால் 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு என்று, இணையப் பதிவுக்காக வழக்குப் போட வழிவிடும் ஒன்று இருப்பதை மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

மேடைக்கு வந்தால் நம் வயதில் இரண்டு தொல்லை. ஒன்று, வசனம் நிற்காது. மற்ற பாத்திரங்களின் வரிகளை மட்டும் கைப்பேசியில் பேசிப் பதிந்து, இடையில் இடம் விட்டு, நடந்துகொண்டே பதில் சொல்லச் சொன்னேன். உட்கார்ந்து படித்தால் மூளையில் ஏறும், நடந்து சொன்னால்தான் உடம்பில் ஏறும். இரண்டாவது, அவசரம். தகரக் கூரை மண்டபத்தில் சிரிப்பு முன்வரிசையில் கிளம்பிப் பின்னால் போகும், கூரையில் மோதித் திரும்பி வரும். அது அடங்கத் தொடங்கும்போது அடுத்த வரியைப் போட வேண்டும். முழுக்க அடங்கவிட்டால் சூடு போய்விடும், அடங்கத் தொடங்குவதற்கு முன் பேசினால் யாருக்கும் கேட்காது. முதல் தடவை அந்த ஒரு நொடி ஒரு வருஷம் மாதிரி இருக்கும். மூச்சை இழுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மழை பிடித்துக்கொண்டால் தகரத்துக்கு முன்னால் எந்த மைக்கும் நிற்காது, உடம்பால் நடிக்க வேண்டியதைக் கொஞ்சம் கையில் வைத்திருப்பது நல்லது.

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. தங்கச்சி பெரட்டு நாடகத்தையே கேட்டது, பொங்கலுக்குப் போடலாமா என்று. தாராளமாக என்றேன். கேண்டீனில் கூட வேலை செய்யும் மூன்று பேர் முனியம்மாக்கள், பக்கத்து வீட்டுப் பாட்டி ஆயாக் கொட்டாய்க் கிழவி.

"கிராணிக்கு யாருண்ணே? ஆம்பள வேணுமே."

"நீதான்."

அவள் பேசவில்லை. அவள் அம்மா முப்பது வருஷம் அந்த வரிசையில் நின்றவர். ஒரு நாள் கால் மணி பிந்தி வந்ததற்கு எல்லார் முன்னாலும் கிராணி வாளியை உதைத்ததை அவளும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் குவளையைக் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள்: "அந்தக் காலத்துல கிராணிங்க போட்டது அரைக்கால் சட்டதானே? நீளமா வெள்ளக் காலுற போட்டு?"