மரவள்ளி இலையைப் படிக்கும் கைத்தொலைபேசி

மரவள்ளிக்கிழங்கு எம் மக்களுக்கு அறிமுகம் வேண்டாத உணவு. 1990 இன் பின்னர் வடபகுதி மீது பொருளாதாரத் தடை இறுகியிருந்த காலத்தில், அரிசியும் மாவும் அரிதாகிய வீடுகளில் அவித்த மரவள்ளியும் சம்பலும் பல வேளைகளில் பசியாற்றின. தென் அமெரிக்காவில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இக்கிழங்கு, இன்று அக்கண்டத்தில் கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவாக விளங்குகின்றது. வளமற்ற மண்ணிலும் அது விளையும். வேண்டியபோது கிண்டி எடுக்கலாம். அதனை அழிக்கும் நோய்களை இனங்காணச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு பயன்படுகின்றது என்பதை இங்கு நோக்குவோம்.

மரவள்ளியைத் தாக்கும் வைரசு நோய்களுள் இரண்டு கொடியவை. ஒன்று தேமல் நோய். இலைகள் சுருங்கி, மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுப் படர்ந்து, கிழங்கு சிறுத்துப்போகும். 1980களின் பிற்பகுதியில் உகண்டாவில் இது கடுமையாகப் பரவத் தொடங்கியபோது, பல இடங்களில் உழவர் மரவள்ளிச் செய்கையையே கைவிட நேர்ந்தது. மற்றையது, 1936 இல் இன்றைய தன்சானியாவிலிருந்து முதன்முதலில் விவரிக்கப்பட்ட பழுப்புக் கீற்று நோய். இது வஞ்சகமானது. செடி செழிப்பாகத் தோன்றும்; மாதக்கணக்கில் காத்திருந்து கிழங்கைக் கிண்டி வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு நிறமாகி அழுகியிருக்கும். அந்த ஆண்டின் உணவு அத்துடன் போயிற்று.

இவ்விரண்டையும் வெண் ஈ பரப்புகின்றது. நோயுற்ற செடியின் தடியை வெட்டி நடும் உழவனும் தன்னையறியாமலே பரப்புகின்றான். எனவே, இலையில் தோன்றும் முதற் குறிகளைக் கண்டறிவதே பயிரைக் காக்கும் வழி. ஆனால், பல நூறு குடும்பங்களுக்கு ஒரு விவசாயப் போதனாசிரியர் கூட இல்லாத கிராமங்களில் அதனைக் கண்டு சொல்பவர் யார்?

இந்த இடத்திலேதான் கணனி துணைக்கு வருகின்றது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும், நைஜீரியாவின் இபாதான் நகரைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆய்வு நிலையமும், ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் இணைந்து 'நூரு' என்னும் செயலியை உழவர் கைக்குக் கொண்டுவந்தன. சுவாகிலி மொழியில் நூரு என்றால் ஒளி என்று பொருள். கைத்தொலைபேசியின் கமராவை இலைமீது பிடித்தால் அது நோயின் பெயரைச் சொல்லும். இணையத் தொடர்பு இல்லாத வயல் நடுவிலும் அது இயங்கும் என்பதே அதன் பெருஞ் சிறப்பு.

இயந்திரம் இந்த அறிவைத் தானாகப் பெற்றுவிடவில்லை. வயல்களில் எடுத்த ஆயிரக்கணக்கான இலைப் படங்களைப் பயிர்நோய் வல்லுநர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது இன்ன நோய் என்று குறித்துக் கொடுத்தனர். அவற்றைக் கொண்டே கணனி பயின்றது. உகண்டாவிலும் மக்கரேரே பல்கலைக்கழகத்தினரும் தேசியப் பயிர் ஆய்வு நிலையத்தினரும் இவ்வாறு குறித்த 21,367 படங்களை 2020 இல் உலக ஆய்வாளர்களின் போட்டி ஒன்றுக்கு வழங்கினர். அப்படங்களுட் பெரும்பாலானவை உழவர்கள் தம் தோட்டத்தில் எடுத்தவை.

பயன் எத்தகையது? 2020 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நூரு நூற்றுக்கு 65 தடவை நோயைச் சரியாகச் சொன்னது. அதே சோதனையில் விவசாயப் போதனாசிரியர்கள் 40 முதல் 58 வரையும், உழவர்கள் 18 முதல் 31 வரையுமே சரியாகச் சொன்னார்கள். ஒரு செடியில் ஆறு இலைகளைக் காட்டியபோது இயந்திரத்தின் கணிப்பு 74 முதல் 88 வரை உயர்ந்தது. எனினும், ஒற்றை இலையை மட்டும் காட்டினால் மூன்றில் ஒரு முறை அது தவறுகின்றது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அதிலும் முக்கியமானது ஒன்றுண்டு. நோயைச் சொல்வது வேறு, நோயைத் தீர்ப்பது வேறு. இவ்வைரசுகளுக்கு மருந்தில்லை. நோயுற்ற செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, நோயற்ற தடியை, நோய் தாங்கும் இனத்தை, நட வேண்டும். அத்தடி கிடைக்காத உழவனுக்குத் தொலைபேசி தருவது துயரச் செய்தி மட்டுமே.

இச்செய்தி எமக்குத் தொலைவானதன்று. 2015 இல் கம்போடியாவில் கண்டறியப்பட்டு, பின்னர் வியட்நாம், தாய்லாந்து நாடுகளுக்கும் பரவிய தேமல் வைரசு, 'இலங்கை மரவள்ளித் தேமல் வைரசு' என்றே அழைக்கப்படுகின்றது. நோய்க்கு எல்லைகள் இல்லை. புகலிட நாடுகளில் கணனித்துறை பயிலும் எம் பிள்ளைகளிடம் இதனை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் கற்கும் கலைக்கு, பெற்றோரைப் பசியிலிருந்து காத்த அந்தக் கிழங்கின் வயலிலும் வேலை உண்டு.