அத்தோ தட்டுக்கு ஐந்து ரூபாய் ரயில்

அத்தோவைப் பார்சல் வாங்கக் கூடாது. கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸை அள்ளிப் போடுவார். அதன் மேல் மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. பிறகு புளித்தண்ணீர், வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பூண்டு பொரித்த எண்ணெய், கொஞ்சம் கடலை மாவு. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, கடைசியாகப் பேஜோவை நொறுக்கித் தூவித் தட்டை நீட்டுவார். தட்டையைப் போல மொறுமொறுப்பான அந்தப் பேஜோவுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். புளித்தண்ணீர் ஊறிவிட்டால் அது நமுத்துப்போகும். கூடவே வாழைத்தண்டு சூப். அடுப்பிலிருந்து நேராகக் கிண்ணத்துக்கு வர வேண்டியது அது. குடித்து முடித்துவிட்டு, “அண்ணே, இன்னும் கொஞ்சம் சூப்பு” என்று கிண்ணத்தை நீட்டுவது அந்தக் கடைகளில் சர்வசாதாரணம்.

வேளச்சேரியில் உட்கார்ந்துகொண்டு செயலியில் ஆர்டர் செய்தால் நூடுல்ஸ் வரும், சூப்பும் தனிப் பையில் வரும். ஆனால் அது அத்தோவாக இருக்காது. அத்தோ சாப்பிட வேண்டுமென்றால் வடசென்னைக்குப் போயாக வேண்டும். காரை எடுத்துக்கொண்டு போனால் பாதி ஆசை வழியிலேயே தீர்ந்துவிடும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளின் வரிசை ஒரு பக்கம், பழைய வண்ணாரப்பேட்டையின் ஒடுங்கிய தெருக்கள் இன்னொரு பக்கம். எம்.சி. ரோட்டில் சாயங்காலம் நடப்பதற்கே இடம் கிடைக்காது, வண்டியை எங்கே நிறுத்துவது? அங்கே ரயிலில்தான் போக வேண்டும். மின்சார ரயிலோ மெட்ரோவோ, எது வசதியோ அது.

ரயிலுக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் உறவு உண்டு. அத்தோவும், மொய்ங்கா என்னும் நூடுல்ஸ் சூப்பும், பொரித்த வெங்காயம் அடைத்த மசாலா முட்டையும் பர்மாவிலிருந்து வந்தவை. கொண்டுவந்தவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்ல. 1962இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகளையும் வியாபாரத்தையும் அரசுடைமை ஆக்கினார். தலைமுறைகளாக ரங்கூனிலும் மற்ற ஊர்களிலும் வாழ்ந்த தமிழர்கள், சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்களில் சிலருக்கு இங்கே காலூன்ற முடியவில்லை. தரைவழியாகப் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று புறப்பட்டு, எல்லை தாண்ட முடியாமல் மணிப்பூரின் மோரேவில் தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் இன்றும் தமிழர்களும் அங்காளபரமேஸ்வரி கோயிலும் உண்டு. சென்னையில் தங்கியவர்களுக்கு வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் உருவாயின. பிழைப்புக்கு, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜாஜி சாலையோரம் 1969இல் பர்மா பஜார் முளைத்தது.

அந்த இடம் தற்செயலாக அமைந்ததில்லை. பக்கத்தில் துறைமுகம், எதிரே ரயில் நிலையம், நடுவே வேலை முடிந்து பசியோடு வருகிற கூட்டம். பஜாருக்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோக் கடைகள் வரிசையாக வந்தது அப்படித்தான். அங்கிருந்து வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி என்று தெருமுனைகளுக்குத் தள்ளுவண்டிகள் பரவின. ரயிலைப் பிடிக்கப் போகிறவர் நின்றபடி சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும், கையில் இருக்கிற காசுக்கு வயிறு நிறைய வேண்டும். அத்தோ இந்த இரண்டுக்கும் பொருந்தியது. ரயில் பயணிகளுக்காகவே வளர்ந்த கடைக்கு ரயிலில் போவதுதான் முறை.

இந்த ரயிலின் கதையையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. கடற்கரைக்கு அடுத்த நிறுத்தம் அதுதான், சன்னலோரம் உட்கார்ந்தால் பார்க்கலாம். ஆனால் முதல் ரயில் ஓடிய இந்தப் பகுதிக்கு, அடுத்து வந்த வசதிகள் எல்லாம் தாமதமாகத்தான் கிடைத்தன. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி பாதை மின்மயமானது 1979இல். மெட்ரோ முதலில் 2015இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடியது. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரி 10 அன்றும், அங்கிருந்து 9 கிலோமீட்டர் தள்ளி விம்கோ நகருக்கு 2021 பிப்ரவரி 14 அன்றும்தான் வந்துசேர்ந்தது. வடசென்னையிலிருந்து கிண்டிக்கும் அம்பத்தூருக்கும் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்கள் அந்தத் தூரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. தெற்கே இருப்பவர்கள்தான், “அவ்வளவு தூரமா?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்கு எப்போதும் வருத்தம் தரும். வழக்கமாக நாம் போய் வராத இடமெல்லாம் நமக்குத் தூரமாகவே இருந்துவிடுகிறது.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ என்றால் நீல வழித்தடம், விமான நிலையத்திலிருந்து நேராக வரும். சென்ட்ரல் தாண்டி உயர் நீதிமன்றம், மண்ணடி, அடுத்து வண்ணாரப்பேட்டை. எங்கே ஏறினாலும் கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. மின்சார ரயில் என்றால் கடற்கரை வரை வந்து, அங்கே கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற வண்டியில் மாறுங்கள். இராயபுரம், அடுத்தது வண்ணாரப்பேட்டை. டிக்கெட் ஐந்து ரூபாய். புதிதாக வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரலில் கிளம்புகிற கும்மிடிப்பூண்டி வண்டிகள் பேசின்பிரிட்ஜ் வழியாகக் கொருக்குப்பேட்டைக்குப் போய்விடும், வண்ணாரப்பேட்டையைத் தொடாது. பஸ்ஸை விரும்புகிறவர்களுக்கு பாரிமுனையிலிருந்து வண்டிகள் உண்டு. சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பஸ், மின்சார ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்க 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலியும் வந்துவிட்டது.

சாயங்காலத்தில் கிளம்புவதே நல்லது. அத்தோ வண்டிகள் பெரும்பாலும் வெயில் தாழ்ந்த பிறகுதான் களைகட்டும். சீக்கிரம் போய்விட்டால் எம்.சி. ரோட்டில் ஒரு நடை போகலாம். ஒரு காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களும் உலர்த்தியவர்களும் வாழ்ந்த பேட்டை இது. இன்றும் துணி வியாபாரம்தான் இதன் உயிர். கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் வடசென்னை துணியெடுப்பது இங்கே. அடுத்த மெட்ரோ நிலையத்துக்குப் பெயர் சர் தியாகராயா கல்லூரி. துணிக்கடைகளுக்குப் பேர்போன தி.நகரும் அதே பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியதுதான். அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தொடங்கினார். தமிழ்நாட்டின் சத்துணவுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. சாப்பிடப் போகிற வழியில் அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

கடையில் நிற்கும்போது பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள், கல்லூரி முடிந்து வந்த பிள்ளைகள், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் காரமில்லாமல் பிசையச் சொல்கிற அம்மாக்கள். இவர்கள் யாரும் இதைத் தேடி வர வேண்டிய அபூர்வப் பண்டமாக நினைப்பதில்லை. இது அவர்களுடைய தினசரிச் சாயங்காலம். கேமராவை நீட்டிக்கொண்டு வழியை அடைக்காமல், வரிசையில் நின்று, சாப்பிட்டு, இடத்தை அடுத்தவருக்கு விட்டுக்கொடுங்கள்.

நிலையம் வந்துவிட்டது, நடைபாதைதான் வரவில்லை. மெட்ரோவின் பளபளக்கும் தரையிலிருந்து மேலே ஏறி வந்தால், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் பைக்குகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே நடக்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு நிலையத்துக்குள் லிஃப்ட் இருக்கிறது, வெளியே பாதை இல்லை. நிலையத்திலிருந்து தெருக்களுக்குள் சுற்றிவர ஒரு சின்ன பஸ் வேண்டும், தள்ளுவண்டிக்காரர்களை விரட்டாமலே நடக்கிறவர்களுக்கும் இடம் ஒதுக்கிய நடைபாதை வேண்டும். இரண்டையும் வெளியூர் நாக்குகளுக்காகக் கேட்கவில்லை. தினமும் ஏறி இறங்குகிற அந்த ஊர்க்காரர்களுக்கு இது சேர வேண்டிய பாக்கி.

இன்னும் வடக்கே போக நேரமிருக்கிறவர்கள், கும்மிடிப்பூண்டி வண்டியிலேயே தொடர்ந்து எண்ணூர் வரை போகலாம். மெட்ரோ விம்கோ நகர் பணிமனையோடு நின்றுவிடுகிறது. அதற்கு வடக்கே கத்திவாக்கம், எண்ணூர் மக்களுக்குத் தண்டவாளம் என்றால் பழைய மின்சார ரயில்தான். ரங்கூனிலிருந்து வந்த குடும்பங்களின் பெயரைத் தாங்கிய பர்மா நகர் அங்கே இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறி வீட்டைவிட்டு ஓடிய ஊர்களில் அதுவும் ஒன்று. அந்த மக்களுக்கு மெட்ரோ வேண்டும், அதற்கு முன்னால் இரவிலும் அடிக்கடி ஓடுகிற மின்சார ரயில் வேண்டும். தெற்கேயிருந்து சாப்பிட வருகிறவர்களும் டிக்கெட் எடுத்து, அந்த வண்டியில் ஏறி, அவர்கள் கோரிக்கை எழுதும்போது சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நல்லது.